டப்பாவுக்குள் ஆறு மாத வெயில்

காலி பானக் கேன் ஒன்றில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை போட்டு, உள்ளே கருப்பு-வெள்ளை போட்டோத் தாளைச் சுருட்டி வைத்து, மொட்டைமாடிச் சுவரில் கட்டிவிடுங்கள். சூரியன் வானத்தில் போகிற வழியை நாளுக்கொரு கோடாகத் தானே வரைந்துகொள்ளும். லென்ஸ் வேண்டாம், பேட்டரி வேண்டாம், படம் கழுவும் ரசாயனமும் வேண்டாம். இதற்கு சோலார்கிராஃபி என்று பெயர். 2000-ஆம் ஆண்டில் ஸ்பெயினையும் போலந்தையும் சேர்ந்த மூன்று கலைஞர்கள் 'சோலாரிஸ்' என்ற பெயரில் தொடங்கி, பல நாட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்திய முயற்சி இதைப் பரப்பியது.

கைக்குக் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வானத்துக்காக எழுதியவை. அவற்றை இங்கே அப்படியே பின்பற்றினால் உச்சிவேளைச் சூரியன் படத்துக்குள்ளேயே வராது. முதல் தடவை நானும் அப்படித்தான் செய்தேன். ஆறு மாதம் காத்திருந்து பிரித்த தாளில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, சூரியன் இல்லை. நம் ஊர் வெயிலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டவற்றைக் கீழே தருகிறேன்.

1. 500 மில்லி அலுமினியக் கேன் நல்ல அளவு. குறுக்களவு 66 மி.மீ., உயரம் சுமார் 168 மி.மீ. அதன் சுவர் கனம் 0.1 மி.மீ. அளவுதான் என்பதால் ஊசி சுலபமாக இறங்கும். மேல்மூடியை டின் ஓப்பனரால் வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். தேய்க்காத விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும், இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். உள்ளே இனிப்பு ஒட்டியிருந்தால் எறும்பு குடியேறிவிடும். நன்றாகக் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள்.

2. மழை அதிகமுள்ள ஊரில் இருப்பவர்களுக்குக் கேனைவிட பிவிசி பைப் உத்தமம். பிளம்பர் கடையில் 75 மி.மீ. பைப்பில் 15 முதல் 20 செ.மீ. துண்டும், இரண்டு எண்ட் கேப்பும் கேளுங்கள். பக்கத்தில் 10 மி.மீ. ஓட்டை போட்டு, கேனிலிருந்து வெட்டிய சின்ன அலுமினியத் துண்டில் ஊசித்துளை போட்டு, அதை உள்பக்கமாக ஒட்டுங்கள். வெள்ளை பைப்பின் சுவர் வழியே ஒளி ஊடுருவும். உள்ளே மேட் கருப்பு ஸ்ப்ரே அடித்து, வெளியே கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் பயமில்லை.

3. துளைக்கும் எதிர்ச்சுவர்த் தாளுக்கும் 66 மி.மீ. தூரம் என்றால் 0.3 முதல் 0.4 மி.மீ. வரையுள்ள துளை சரி. அதைவிடப் பெரிதானால் கோடு தடித்துவிடும். மிகச் சிறிதானால் ஒளி சிதறி மங்கிவிடும். தையல் ஊசியில் மிக மெல்லியதை எடுத்து, முனை மட்டும் உள்ளே போகும்படி அழுத்தித் திருகுங்கள், ஊசியின் உடம்பு நுழையக் கூடாது. மறுபக்கம் எழும்பும் பிசிறை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ஊசி முனையால் ஒரு திருகு. அளவு சரியா என்று பார்க்க, ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தத் துளை வழியாகச் சூரியனைப் பார்க்க முயல வேண்டாம். அளவைச் சரிபார்த்து முடித்ததும் துளையின் மேல் ஒரு துண்டு கருப்பு டேப்பை ஒட்டிவையுங்கள். டப்பாவைக் கட்டும் நாள் வரை அதுதான் கேமராவின் மூடி.

4. எந்தத் தாள் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் 'போட்டோ பேப்பர்' என்று கேட்டால் இங்க்ஜெட் பிரிண்டருக்கான பளபளத் தாளைக் கொடுப்பார்கள். அதில் ஒளியை உணரும் எதுவும் கிடையாது, ஆறு மாதம் வைத்தாலும் ஒன்றும் பதியாது. நமக்கு வேண்டியது டார்க்ரூமில் பயன்படும் கருப்பு-வெள்ளைத் தாள், அதாவது வெள்ளி உப்பு பூசியது. இங்கிலாந்தின் இல்ஃபோர்டும் செக் நாட்டின் ஃபோமாவும் இன்னும் தயாரிக்கின்றன. பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. வகையைக் கேளுங்கள், ஈரத்தை அதுதான் தாங்கும். மினுக்கு இல்லாத மேட் அல்லது சாட்டின் பரப்பு இருந்தால் உள்ளே ஒளி எதிரொளிப்பது குறையும். ஊரில் பழைய ஸ்டூடியோ இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்கள். காலாவதியான பெட்டி பரண் மேல் கிடக்கலாம், இந்த வேலைக்கு அதுவே போதும்.

5. 5×7 அங்குலத் தாள் 500 மில்லி கேனுக்கு அளவெடுத்தது போல உட்காரும். கேனின் உள்சுற்று ஏறக்குறைய 207 மி.மீ., தாளின் நீளம் 178 மி.மீ. மிஞ்சுகிற 3 செ.மீ. இடைவெளியில் துளை வர வேண்டும். தாள் துளையை மூடிக்கொண்டால் எல்லாம் வீண்.

6. தாளை உள்ளே வைக்க டார்க்ரூம் தேவையில்லை. இரவில் குளியலறை போதும். சிவப்பு ஜீரோ வாட் பல்பு இருந்தால் நல்லது. நாம் தாளைக் கழுவப்போவதில்லை, ஆகவே சில வினாடி மங்கல் வெளிச்சம் பட்டாலும் கெட்டுவிடாது. பூச்சுள்ள பக்கம் துளையைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்று குழப்பமாக இருந்தால், தாளின் மூலையில் ஈர விரலை வைத்துப் பாருங்கள், பூச்சுப் பக்கம் லேசாக ஒட்டும். தாள் பின்னால் நழுவாமல் இருக்க இரண்டு ஓரங்களிலும் இரட்டைப் பக்க டேப் ஒட்டுங்கள். இந்தச் சின்ன விஷயத்தை விட்டுவிட்டால், வெயில் சூட்டில் தாள் சுருண்டு துளைக்கு முன்னால் வந்து நிற்கும். பிறகு திறந்த பக்கத்தை அட்டை வைத்து மூடி, கருப்பு டேப்பை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள்.

7. இனி திசை. லண்டனில் உச்சிவேளைச் சூரியன் ஜூன் மாதத்தில் அடிவானத்திலிருந்து 62 பாகை உயரம் ஏறும், டிசம்பரில் 15 பாகைதான். அதனால் அங்கே டப்பாவை நிமிர்த்தித் தெற்கே பார்க்க வைத்தால் பெரும்பாலான வளைவுகள் அகப்படும். சென்னையில் சூரியன் மிகத் தாழ்ந்து போகிற டிசம்பர் 21-இலேயே உச்சி உயரம் 53 பாகைக்கு மேல். ஏப்ரல் 24 வாக்கில் நேர் உச்சந்தலையில் வந்து நிழலையே இல்லாமல் செய்துவிடும். அதற்குப் பிறகு உச்சிக்கு வடக்கே தாண்டி, ஆகஸ்ட் 18 வாக்கில்தான் திரும்பி வரும். கன்னியாகுமரியில் இந்த நிழலில்லா நாள் ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடுகிறது. நடுவில் துளை போட்டு நிமிர்த்தி வைத்த கேன் ஏறக்குறைய 44 பாகை உயரம் வரைதான் பார்க்கும். ஆகவே தெற்கே பார்த்த டப்பாவில் நம் ஊர் உச்சிவெயில் ஒரு நாள்கூட விழாது. என் முதல் தாளில் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரிந்த காரணம் இதுதான்.

8. நமக்கு எளிது கிழக்கு. டப்பாவை நிமிர்த்திக் கிழக்கே பார்க்க வையுங்கள். துளையை நடுவில் போடாமல், தாளின் மேல் விளிம்பிலிருந்து 3 செ.மீ. கீழே வரும்படி போடுங்கள். உள்ளே படம் தலைகீழாக விழுவதால், துளை மேலே இருந்தால்தான் வானம் நிறையக் கிடைக்கும். இப்படிச் செய்தால் சூரியன் உதித்ததிலிருந்து காலை பத்து மணிவாக்கில் 55 பாகை ஏறும் வரை பதியும். சென்னையில் டிசம்பரில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே உதிக்கிறது, ஜூனில் அதே 24 பாகை வடக்கே. ஆறு மாதத்தில் உதிக்கும் இடம் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்ததை ஒரே படத்தில் பார்க்கலாம். ஐரோப்பியப் படங்களில் கோடுகள் வில்லாக வளையும். நம் படத்தில் அவை ஏறக்குறைய செங்குத்தாக எழும்பி, தெற்கே சற்றுச் சாயும். நாகப்பட்டினம் போன்ற கிழக்குக் கரை ஊர்களில் கடல் தெரியும் மாடி வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருப்பவர்கள் மேற்கே திருப்பி, மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பிடிக்கலாம்.

9. காலை முதல் மாலை வரை முழு வழியும் வேண்டுமென்றால் டப்பாவைப் படுக்கவையுங்கள். டப்பாவின் நீளம் தெற்கு வடக்காக இருக்க வேண்டும், துளை நடுவில் வானத்தைப் பார்க்க வேண்டும். வடக்கு முனையை மட்டும் உங்கள் ஊரின் அட்சரேகை அளவுக்கு உயர்த்துங்கள்: சென்னைக்கு 13 பாகை, மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் 10, கன்னியாகுமரிக்கு 8. கோணமானி தேவையில்லை. 30 செ.மீ. பலகையில் டப்பாவைக் கட்டி, வடக்கு முனைக்கு அடியில் சென்னையில் 7 செ.மீ., மதுரையில் 5 செ.மீ., கன்னியாகுமரியில் 4 செ.மீ. உயரத்துக்கு அண்டை கொடுத்தால் போதும். இப்போது டப்பா பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20 வாக்கில் விழும் கோடு தாளின் நடுவே நேராக ஓடும். டிசம்பர், ஜூன் கோடுகள் அதற்கு இரு பக்கமும் வளைந்து நிற்கும். நடுவில் மொத்தப் பட்டையின் அகலம் 6 செ.மீ.-க்குச் சற்றுக் குறைவு. இதில் ஊர்க் காட்சி பெரிதாகக் கிடைக்காது, பக்கத்துத் தென்னங்கீற்று வேண்டுமானால் விழலாம். ஆனால் சூரியன் வடக்கே நடந்துபோனதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் வேறொரு வீட்டுக் கருவியை நான் பார்த்ததில்லை.

10. தொடங்கும் நாள்: டிசம்பர் 21 அல்லது 22, மார்கழி முதல் வாரம். எடுக்கும் நாள்: ஜூன் 21, ஆனி முதல் வாரம். உத்தராயணம் தை முதல் நாள் என்று கொண்டாடுகிறோம், ஆனால் இன்றைய வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது அதற்கு மூன்று வாரம் முன்பே. ஜூனிலிருந்து டிசம்பர் வரையும் வைக்கலாம்தான். ஆனால் சென்னை, தஞ்சை, யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அந்தப் பாதியில் வந்துவிடும். மார்கழியில் தொடங்கினால் அனேகமாக வறண்ட மாதங்கள் கிடைக்கும்.

11. கைப்பிடிச் சுவர்க் கம்பி, இரும்புத் தூண், தொட்டியின் தாங்கி என்று அசையாத எதிலும் கட்டலாம். கேபிள் டி.வி. குழாய் வேண்டாம், காற்றில் ஆடும். கட்டுக்கம்பியால் மேலும் கீழும் இரண்டு இடத்தில் இறுக்கி முறுக்கி, ஆடுகிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். ஒரு மி.மீ. நகர்ந்தாலும் காட்சி இரட்டையாகிவிடும். துணி காயப்போடும் கொடிக்கும் காக்கை உட்காரும் இடத்துக்கும் எட்டத்தில் இருக்கட்டும்.

12. டப்பாவின் மேல் "இது ஊசித்துளை கேமரா, ஆபத்தில்லை, தொட வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்துக்கும் காவலாளிக்கும் சொல்லிவிடுங்கள். பொது இடத்தில் அனுமதி இல்லாமல் கட்டவே வேண்டாம். 2016 பிப்ரவரியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கல்லூரி மாணவர்களின் கலைப் பயிற்சிக்காகப் பாலத்தில் ஒட்டிய இதே மாதிரி டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்து, நெடுஞ்சாலையை மூடி, டப்பாவை அழித்தார்கள்.

13. துளை மேல் தண்ணீர் நின்றால் படம் கலங்கும். நிமிர்த்திக் கட்டிய டப்பாவுக்குத் துளையின் மேலே ஒரு விரற்கடை நீளத்தில் பிளாஸ்டிக் துண்டைச் சின்னத் தாழ்வாரம் போல ஒட்டலாம், துளையின் பார்வையை மறைக்காதபடி. மூடியின் ஓரத்தில் எம்சீல் பூசுங்கள். காலணிப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டுவைக்கலாம், துளைக்கு எதிரே நிற்காமல் இருந்தால் சரி. தாளின் பூச்சு ஜெலட்டினால் ஆனது. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும்.

14. நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் மேகமில்லாத வானம். மேகம் மறைத்த நாள் கோட்டில் இடைவெளி விழும், அந்த இடைவெளிகளால்தான் ஐரோப்பியப் படங்களில் கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றன. கேனுக்குள் சூரியக் கோட்டின் தடிமன் ஏறக்குறைய 1 மி.மீ. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையே கோடு நகர்வதோ மார்ச் மாதத்தில்கூட அரை மி.மீ.தான். மாசி, பங்குனியில் தினமும் வெயில் அடித்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வெள்ளைப் பட்டையாகிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. துளையை டேப்பால் மூடிவைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடியுமுன் திறந்து இருட்டியபின் மூடுங்கள். மார்ச் மாதத்தில் கோட்டுக்குக் கோடு 3 மி.மீ. இடைவெளி கிடைக்கும், ஆறு மாதத்தில் 26 கோடுகள். டிசம்பரிலும் ஜூனிலும் அவை நெருங்கி நிற்கும், ஏனென்றால் திரும்பும் இடத்தில் சூரியனின் வடக்கு-தெற்கு நகர்வு மிக மெல்ல. வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பொறுப்பை அவர்களிடமே விடுங்கள். டேப்பை எடுக்கும்போது டப்பா அசையாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

15. ஒரே டப்பாவை நம்ப வேண்டாம், குறைந்தது மூன்று கட்டுங்கள். ஒன்றில் குளவி மண் அப்பும், ஒன்றில் தாள் சுருளும். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தின் பேஃபோர்ட்பரி வானாய்வகத்தில் ரெஜினா வால்கன்போர் என்ற மாணவி 2012-இல் ஒரு பியர் கேனைக் கட்டிவிட்டு மறந்துபோனார். 2020 செப்டம்பரில் அதை எடுத்துப் பார்த்தபோது 8 ஆண்டு 1 மாத வெயில் உள்ளே இருந்தது: சூரியனின் 2,953 வளைவுகள். அதே இடத்தில் அதற்குமுன் அவர் செய்த முயற்சிகள் ஈரத்தாலும் தாள் சுருண்டதாலும் கெட்டுப்போயிருந்தன.

16. ஆறு மாதத்துக்கு முன் ஒத்திகை அவசியம். ஒரு டப்பாவை ஒரே ஒரு நாள் வைத்து எடுங்கள், ஒரு கோடு விழுந்திருக்கும். அடுத்தது ஒரு வாரம். துளை எப்படி, திசை எப்படி, ஒளி எங்கே கசிகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும். கோட்டைத் தவிர தாளில் கருப்புத் திட்டு இருந்தால் அது கசிவு. அந்த இடத்தில் டேப் போடுங்கள்.

17. ஜூன் 21 மாலை முதலில் துளையை டேப்பால் மூடிவிட்டு, பிறகு கட்டை அவிழுங்கள். மங்கலான அறையில் தாளை உருவுங்கள். அதில் ஏற்கெனவே படம் கண்ணுக்குத் தெரியும், பழுப்பும் ஊதாவும் கலந்து. ஒளி பட்ட வெள்ளி உப்பு தானாகவே நுண்ணிய வெள்ளித் துகளாகப் பிரிந்ததால் வந்த நிறம் அது, வானத்தின் உண்மையான நிறமல்ல. டெவலப்பரில் போட்டால் தாள் முழுக்கக் கருத்துவிடும். ஃபிக்ஸரில் போட்டால் படம் வெளிறிப்போகும். இரண்டிலும் போடாதீர்கள். ஈரமாக இருந்தால் இருட்டில் காயவிடுங்கள், ஈரத்தாள் ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

18. படத்தைக் காப்பாற்ற ஒரே வழி ஸ்கேன். ஸ்கேனர் விளக்கும் ஒளிதான், அது போய்வரும் ஒவ்வொரு முறையும் தாள் கொஞ்சம் கருக்கும். ஆகவே முன்னோட்டம் பார்க்காமல், கலர், 600 டிபிஐ என்று முன்கூட்டியே அமைத்துக்கொண்டு ஒரே தடவையில் முடியுங்கள். வேறொரு வெற்றுத் தாளை வைத்து அளவைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஸ்கேனர் இல்லாதவர்கள் மங்கல் வெளிச்சத்தில் போனை ஸ்டாண்டில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் படமெடுக்கலாம்.

19. கணினியில் மூன்று வேலை. நெகட்டிவை பாசிட்டிவாகத் தலைமாற்றுங்கள், கருத்த கோடுகள் வெளிச்சக் கோடுகளாகும். தலைகீழாக இருப்பதைத் திருப்புங்கள். பிறகு இடம் வலமாகப் புரட்டுங்கள். இதைப் பலர் மறந்துவிடுவதால் எதிர்வீட்டு மாமரம் தவறான பக்கத்தில் நிற்கும். அதற்குமேல் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. நிறங்களை இழுத்து இழுத்து நெருப்பாக்கிவிட்டால், அது வெயில் வரைந்த படமாக இருக்காது.

20. படத்தில் என்ன தெரியாது என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். நடந்துபோனவர்கள் தெரிய மாட்டார்கள், வண்டிகள் தெரியாது, நிலா தெரியாது. அசையாமல் நின்றவையும் சூரியனும் மட்டும்தான். இடையில் கட்டி முடித்த புதுச் சுவர் பாதி ஒளி ஊடுருவியது போல மங்கலாக நிற்கும், அதன் வழியே பழைய கோடுகள் தெரியும்.

21. மூலத் தாளின் பின்பக்கம் பென்சிலால் ஊர், திசை, தொடங்கிய நாள், முடித்த நாள் எழுதி, அது வந்த கருப்பு உறையிலேயே போட்டு அலமாரியில் வையுங்கள். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட ஸ்கேன் செய்த பிரதியைப் பயன்படுத்துங்கள். மூலத் தாள் கடைசிவரை ஒளியை உணர்ந்துகொண்டே இருக்கும்.

22. டார்க்ரூம் தாள் எல்லாக் கடையிலும் இருப்பதில்லை, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். கார்த்திகை பிறக்கும்போதே வாங்கிவைத்து, ஒரு நாள் ஒத்திகையையும் முடித்துவிடுங்கள். டிசம்பர் 21 காலை டப்பா மாடியில் இருக்க வேண்டும்.